ஸ்வாப்பில் ஒரு குரல்

டென்சிலுக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. பாம்பைக் கண்டால்கூட அதைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் ஓடுவான். அப்படிப்பட்டவனின் நாக்கு, அன்று மத்தியானம் ராபர்ட்சன்பேட்டை பஜாரில், பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அந்த ஆபீசில் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் எல்லாம் சாதாரணமாகத்தான் தொடங்கியது.

சுந்தரராஜ் மாடிப்படி ஏறி வந்தார். அறுபதைத் தொடும் வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோவிலில் எல்லாருக்கும் பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொடுக்கிறவரின் நிதானமான நடை. கையில் ஒரு துவாலைச் சுருள்.

"குளிப்பாட்டின குழந்தையைத் தூக்கிக்கினு வர்ற மாதிரி வர்றீங்களே ஐயா," என்றான் டென்சில்.

அவர் சிரிக்கவில்லை. துவாலையைப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய லேப்டாப்.

"என் தம்பி பொண்டாட்டியோடது. ஐடாவோடது."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சௌந்தரம் தலையாட்டினாள். ஐம்பது வயதுக்காரி. வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காரப் பிடிக்காமல் துப்பறியும் ஆபீஸ் வைத்தவள். கோலார் தங்கவயலான கேஜிஎப்பில் யார் யாரைத் தேடினாலும் கடைசியில் அவள் மாடிப்படியில்தான் ஏறியாக வேண்டும். டென்சில் பத்து வருஷம் விடிகாலை ரயிலேறி பெங்களூரு கம்பெனிக்குப் போய்வந்தவன். அந்தக் கம்பெனி ஆள் குறைத்தபோது அவள்தான் வேலை போட்டுக் கொடுத்தாள்.

"போன்ல சொன்னதை இவனுக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க," என்றாள்.

சுந்தரராஜ் சொன்னார். அவர் தம்பி எரிக் போன வருஷம் வேலை தேடி மும்பைக்குப் போனான். எப்போதாவது மெசேஜ் அனுப்புவான். ஆள் வரவில்லை. ஸ்கெலட்டன் லைன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஐடா தனியாக இருந்தாள், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டு. போன வியாழக்கிழமையிலிருந்து அவளைக் காணோம்.

"நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம, கோவில்ல. வியாழக்கெழம வீட்டுப் பக்கம் நான் போவவே இல்ல. அக்கம்பக்கம் சொல்லித்தான் போய்ப் பார்த்தேன். கதவு தொறந்து கெடக்குது, இது மேசை மேல கீது." லேப்டாப்பைத் தடவினார். "எரிக் இல்லாத வீட்ல அவளுக்கு நான்தானே அப்பா மாதிரி. எங்க போயிருக்கான்னு இதுல ஏதாச்சும் இருக்கும். பஸ்ஸு, ரயிலு, பார்த்திருப்பா. ஆனா ஒண்ணு சௌந்தரம்மா. குடும்பப் பொட்டி. என் கண்ணு முன்னாலேயே தொறக்கணும். விட்டுட்டுப் போவ மாட்டேன்."

"தாராளமா. டென்சில், பாரு."

சார்ஜர் இல்லை. அதன் முனை உடைந்துபோயிற்று என்றார். டென்சில் தன் பெட்டியைக் குடைந்து பொருந்துகிற ஒன்றை எடுத்துச் செருகினான். நேராக ஆன் செய்யாமல், தன் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினான். முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது அவன் வழக்கம்.

திரையில் ஹார்ட் டிஸ்கின் வரைபடம் வந்தது. கட்டம் கட்டமாக அறைகள். பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினான்.

"இன்னாடா?" என்றாள் சௌந்தரம்.

"யாரோ சுவரை இடிச்சிருக்காங்க அக்கா. ஃபைல் எல்லாம் வைக்கிற பெரிய ஹால் இது. இதைச் சுருக்கிட்டு, பக்கத்துல இருக்கிற இத்தனூண்டு ஸ்வாப்பை இழுத்துப் பெருசாக்கியிருக்காங்க. குடும்பத்தைச் சமையல்கட்டுல படுக்கப்போட்டு குடோனை அகலப்படுத்தின மாதிரி."

"ஸ்வாப்னா?" சுந்தரராஜ் முன்னால் குனிந்தார்.

"நீங்க வேலை செய்யற மேசைதான் மெமரி ஐயா. மேசை ரொம்பிட்டா சிலதை எடுத்துப் பின்னால அலமாரில வைப்பீங்க இல்ல, அந்த அலமாரி ஸ்வாப். கரண்ட் போனா மேசைல இருக்கிறது அத்தனையும் காத்தோட போயிடும். அலமாரில வெச்சது போவாது."

"அதை எதுக்குப் பெருசாக்கணும்?"

"அதான் எனக்கும் புரியல. ஹாலைச் சுருக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. கை தவறினா மொத்த வீடும் சரிஞ்சிடும்."

"ஊரை விட்டு ஓடப்போறவ," என்றாள் சௌந்தரம் மெதுவாக, "எதுக்கு ஒக்காந்து வீட்டுச் சுவரை மாத்திக் கட்டறா?"

 டென்சில் அலமாரியின் அளவைப் பார்த்தான். மேசையின் அளவைப் பார்த்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அலமாரி ஒரு பிடி கூடுதல். அவனுக்குப் பளிச்சென்று பட்டது. ஸ்வாப்பை வேறு மாதிரி விசாரித்தான். அது சாதாரண ஸ்வாப் என்று சொல்லவில்லை. உள்ளே ஒரு முத்திரை குத்தியிருந்தது.

சற்று முன்தான், 'இந்தக் குடோனை அழித்துவிட்டு இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் மிஷின் வேகமாக ஓடும்' என்று அவன் கை தன்னால் பொத்தான் பக்கம் போயிருந்தது. அழித்திருந்தால்? கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இது சாகல அக்கா. தூங்குது. மூடியைச் சாத்தினதும் மேசைல இருந்த அத்தனையையும் அப்படியே தூக்கி அலமாரில வெச்சுப் பூட்டிட்டுத்தான் கண்ணை மூடியிருக்குது. அதுக்குத்தான் மேசை அளவுக்கு அலமாரி. சாத்தின நிமிஷத்துல இன்னா நடந்துக்கினு இருந்துச்சோ, அங்கேயிருந்தே எழுந்திருக்கும்."

"பாட்டரிதான் எப்பவோ போயிடுச்சே," என்றார் சுந்தரராஜ்.

"பாட்டரி கொஞ்ச நேரம் தாங்கினா போதும் ஐயா. எழுதி வெச்சுட்டா அப்புறம் வருஷக்கணக்கா கரண்டே வேணாம்."

சுந்தரராஜின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. "அப்போ அவ எந்த ஊரு பார்த்தாளோ அது அப்படியே இருக்குமா?"

"இருக்கும்."

"எழுப்பு தம்பி."

டென்சில் பென்டிரைவை உருவிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. பிறகு, உறங்கியவன் கண்ணைத் திறப்பதுபோல, திரை வெளுத்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் பூட்டுக்கூடப் போடாமலா விடுவாள் என்று நினைத்தான்.

திரை முழுக்க ஒரு ஞானப்பாட்டின் வரிகள். அதன் கீழ் மூலையில், பாதி ஒளிந்து, ஒரு சிறிய ஜன்னல்.

அதில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

டென்சில் குனிந்து பார்த்தான். அது ஒலிப்பதிவு. வியாழக்கிழமை தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. நடுவில் தூங்கி எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, இப்போது இந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மூச்சுக்கு ஒரு கோடு எழுந்து அடங்கியது.

"இன்னா தெரியுது?" சுந்தரராஜ் மேசையைச் சுற்றி வரப் பார்த்தார்.

"ஒரு பாட்டுதான் ஐயா. இருங்க, பின்னால இன்னா கீதுன்னு பார்க்கறேன்." பதிவை நிறுத்தினான். சேமித்தான். பென்டிரைவை மறுபடி செருகி ஒரு நகலும் எடுத்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டான்.

முதலில் ஒரு பெண்ணின் குரல். நடுங்கினாலும் நிறுத்தாமல் பேசிற்று.

"எரிக் மும்பைல இல்ல மாமா. மெசேஜ் அனுப்பறது நீங்கதான். எனக்குத் தெரியும்."

நாற்காலி நகரும் சத்தம். ஓர் ஆண் பெருமூச்சு விட்டான். பிறகு பேசினான். அவசரமே இல்லாமல், வீட்டுக் கணக்குச் சொல்கிறவனைப்போல.

"நான் தள்ளல ஐடா. தண்ணித் தொட்டிக்குப் பின்னால, வேலி அறுந்து கெடக்குதே, அந்தப் பழைய மைன் குழி, ஷாஃப்ட்டு. மூடின மைன்ல நாங்க கேபிள் திருடி அறுத்தத பார்த்துட்டான். போலீசுக்குப் போறேன்னு மல்லுக்கு நின்னான். காலு வழுக்கிடுச்சி. நான் கையப் புடிச்சேன். சத்தியமா புடிச்சேன். தொங்கிக்கினே சொல்றான், மேல வந்தாலும் போலீசுக்குத்தான் போவேன்னு. அப்புறம் விட்டுட்டேன். விழுந்த சத்தம்கூட மேல வரல."

டென்சில் தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் குரல் காதுக்குள் இருந்தது. அதே குரலுக்குச் சொந்தக்காரர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, துவாலையை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் அந்த எடத்தக் காட்டறேன் வா," என்றது காதுக்குள் குரல். "அந்தப் பொட்டிய மூடு. இன்னா பார்க்கற? நானே மூடறேன்."

டப். அதற்கப்புறம் இந்த அறையின் மின்விசிறிச் சத்தம்.

"ஏதாச்சும் கேக்குதா தம்பி?"

"இரைச்சல்தான் ஐயா."

ஜோக் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று டென்சில் தவித்தான். ஒன்றும் வரவில்லை. சௌந்தரத்தைப் பார்த்தான். கண்ணால் சொன்னான். புருவத்தால் சொன்னான். அவளோ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றான். 'அக்கா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவன் அவளை அழைத்ததே இல்லை. "கொஞ்சம் கீழ கடை வரைக்கும் வர்றீங்களா? ஒரு கேபிள் வாங்கணும்."

'கேபிள்' என்ற சொல்லைச் சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது. சுந்தரராஜின் விரல்கள் துவாலையின் மேல் நின்றன.

"நீயே போய் வாங்கிக்கினு வா," என்றாள் சௌந்தரம். "ஐயாவுக்கு டீ சொல்லிட்டுப் போ."

இவளுக்கு இன்று என்ன ஆயிற்று? ஈ பறந்தால் ஆணா பெண்ணா என்று சொல்கிறவள். அவளை இந்த ஆளோடு தனியாக விட்டுவிட்டுப் போவதா? லேப்டாப்பை விட்டுவிட்டுப் போவதா? டென்சில் எழுந்திருக்கவில்லை. 

"நெத்தியெல்லாம் வேர்க்குதே தம்பி," என்றார் சுந்தரராஜ். குரல் இப்போது இன்னும் தணிந்திருந்தது. பதிவில் இருந்த அதே தணிவு. "இரைச்சலுக்கா வேர்க்குது?"

"மாடி ஐயா. கூரை ஷீட்டு சூடு."

"அத இப்படி குடு. நானும் கேக்கறேன்."

கை நீண்டது. ஒருவனின் கையைப் பிடித்து, யோசித்து, விட்ட கை. டென்சில் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டான்.

"குடு டென்சில்," என்றாள் சௌந்தரம்.

"மேடம்."

"அவரு பொட்டி. அவரு கேக்கட்டும். முதல்லேருந்து வெச்சுக் குடு."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷ விசுவாசமும் உடைந்து தொங்கியது. ஆனாலும் அவள் சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. ஹெட்போனைக் கழற்றினான். சுந்தரராஜ் மாட்டிக்கொண்டார். டென்சிலின் விரல் ஓடவிட்டது.

ஒரு மனிதன் தன் குரலைத் தானே கேட்பதை அதற்கு முன் அவன் இப்படிப் பார்த்ததில்லை. முதலில் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கன்னத்துச் சதை மெல்ல இறங்கியது. கண்கள் மேசையில் எதையோ தேடின. வாய் அசைந்தது. காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் பேசுகிற சத்தமான குரலில், தனக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"போனை நான் புடுங்கி வெச்சுக்கினேனே. கதவையும் சாத்திக்கினேனே. அப்புறம் எப்படி?"

"எந்தக் கதவை ஐயா?" என்றாள் சௌந்தரம். "வியாழக்கெழம அந்த வீட்டுப் பக்கமே போவலன்னு சொன்னீங்க."

அவருக்குக் கேட்கவில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு இரண்டு கைகளாலும் லேப்டாப்பைத் தூக்கப் பாய்ந்தார்.

டென்சில் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பான். லேப்டாப்பின் மேல் குப்புற விழுந்து மேசையின் இரு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டான். முதுகில் அடி விழுந்தது. சட்டைக் காலரை யாரோ முறுக்கினார்கள். மூச்சு அடைத்தது. கண்ணை இறுக மூடி, "அக்கா, அக்கா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. கழுத்தில் பிடி தளர்ந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த அறை பூட்டிக் கிடந்தது. "கடைச் சரக்கு வெச்சிருக்கேன், தொறக்காத," என்று சௌந்தரம் சொல்லியிருந்தாள். இப்போது அதற்குள்ளிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ஷில்பாவும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, நைந்த நீலச் சேலையில் ஒருத்தி நின்றாள்.

சுந்தரராஜ் அவளைப் பார்த்தார். "ஐடா," என்றார்.  போலீஸ்காரர்கள் கையைப் பிடித்தபோதும் திமிறவில்லை. மடித்த துவாலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

டென்சில் மேசையிலிருந்து இறங்கி நாற்காலியில் விழுந்தான். 

"வியாழக்கெழம பின்கதவு வழியா ஓடி, வெள்ளிக்கெழம காலைல இங்க வந்து சேர்ந்துச்சி," என்றாள் சௌந்தரம், ஐடாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "ஒவ்வொரு தடவ வரும்போதும் போனைப் புடுங்கி வெச்சுக்குவாராம். அதான் லேப்டாப்புல பதிவு. அவரு கோபம் வந்தா மூடியச் சாத்துவாரு, ஒயரப் புடுங்குவாரு. அதுக்குத்தான் ஸ்வாப்பைப் பெருசாக்கி, யார் எழுப்பினாலும் தொறக்கட்டும்னு பூட்டையும் எடுத்து வெச்சிருக்கு இந்தப் பொண்ணு."

"அப்போ நேரா போலீஸ்ல போய் எடுத்திருக்கலாமே அக்கா."

"அவரு வீட்டுக் கதவை போலீஸ் தட்டினா, அவரு பின்பக்கமா போய்ப் பொட்டிய எறிஞ்சிடுவாரு. நம்ம ஊர்ல எதையாச்சும் தொலைக்கணும்னா குழிக்கா பஞ்சம்? அதனால அவரே கையில எடுத்துக்கினு படியேறணும். 'ஆள் தேடறதுன்னா சௌந்தரம்தான்'னு அந்தக் கோவிலுக்குப் போற என் சிநேகிதி பியாட்ரிஸை விட்டு அவரு காதுல போடச் சொன்னேன். இந்தப் பொண்ணு வாயைத் தொறக்கறதுக்கு முன்ன புடிக்கணும் அவருக்கு, தேடிக்கினே வந்தாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியப் பார்த்துட்டு அவரு முதல் படியிலேயே திரும்பியிருப்பாரு. நான் எவ்வளவு வேணா நடிப்பேன். உன் மூஞ்சிக்கு நடிக்கத் தெரியாது டென்சில்." அவள் அவன் தோளில் கை வைத்தாள்.  "ஆனா நீ பொட்டி மேல விழுந்து காப்பாத்துவன்னு நான் நினைக்கல."

ஷில்பா ஜன்னலோரம் நின்று போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வண்டி, கயிறு, விளக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட். பேச்சை முடித்துவிட்டு ஐடாவிடம் வந்தாள்.

"இறங்கிப் பார்ப்போம். ஆனா தண்ணி எந்த லெவல் வரைக்கும் ஏறியிருக்குன்னு யாருக்கும் தெரியாது. கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

ஐடா தலையாட்டினாள். அழவில்லை. டென்சிலைப் பார்த்து, "அந்த இடத்த மட்டும் ஒரு தடவ போடுங்க. கையப் புடிச்சேன்னு சொல்றாரே, அது," என்றாள்.

"வேணாங்க."

"போடுங்க. அன்னிக்கு பயத்துல சரியா காதுல விழல."

அவன் போட்டான். அவள் ஹெட்போனை மாட்டாமல் ஒரு காதில் மட்டும் ஒட்டி வைத்துக் கேட்டாள். முடிந்ததும் மேசையில் வைத்தாள்.

"மேல வந்தாலும் போலீசுக்குப் போவேன்னு சொல்லிக்கீறான்," என்றாள். "தொங்கிக்கினு இருக்கும்போதுகூட."

பிறகு சௌந்தரத்தின் போனை வாங்கி ஓர் எண்ணை அழுத்தினாள். எடுத்தவர் கோவிலில் மணியடிப்பவர் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"ஐடா பேசறேன். எரிக்குக்கு மணி அடிச்சிடுங்க. ஆமா, நம்ம எரிக்குக்குத்தான். இல்ல, மும்பைல இல்ல. இங்கதான். இவ்ளோ நாளும் இங்கதான் இருந்திருக்கான்."

ஜன்னலுக்குக் கீழே பஜார் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. பஸ் கண்டக்டர் கோலார் கோலார் என்று கூவினான். அதற்கெல்லாம் மேலாக, தூரத்தில், சாவுக்கு அடிக்கும் மணி விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியது. பாத்திரக்கடை வாசலில் நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றினார், யாருக்கென்று தெரியாமலே.

டென்சில் ஐடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணி ஓயும்வரை ஒன்றும் பேசாமல் இருந்தான்.